வாலி பையம்

வாலஸ் மெர்ல் பையம் (ஜூலை 4, 1896 – ஜூலை 22, 1962) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த தொழில் முனைவோரும் பயணியும் எழுத்தாளரும் ஆவார். வாலி பையம் என்ற பெயராலேயே இவர் பரவலாக அறியப்படுகிறார். மகிழுந்தின் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லக்கூடிய வீடுகளைத் தயாரிக்கும் ஏர்ஸ்ட்ரீம் நிறுவனத்தை நிறுவியவர் இவரே. அலுமினியத் தகடுகளால் ஆன, முட்டை போல் உருண்ட விளிம்புகளைக் கொண்ட இவரது வண்டிகள் 20ஆம் நூற்றாண்டு அமெரிக்க வடிவமைப்பின் அடையாளங்களுள் ஒன்றாகக் கருதப்படுகின்றன. இவ்வகை வண்டி அமெரிக்காவில் டிரெய்லர் எனவும் பிரித்தானியாவில் கேரவன் எனவும் அழைக்கப்படுகிறது. தமிழ்த் திரைப்படத் துறையில் கேரவன் எனப்படும் ஒப்பனை வண்டியில் இருந்து இது வேறுபட்டது. இங்கு வண்டியும் அதை இழுக்கும் ஊர்தியும் தனித்தனியானவை. தங்குமிடத்தை அடைந்ததும் வண்டியைக் கழற்றி நிறுத்திவிட்டு மகிழுந்தில் மட்டும் ஊருக்குள் சென்று வரலாம்.

இளமை

பையம் ஓரிகன் மாநிலத்தின் பேக்கர் சிட்டி என்னும் ஊரில் பிறந்தார். இவரது பாட்டனார் அப்பகுதியில் கோவேறு கழுதைகளைக் கொண்டு சரக்குப் போக்குவரத்து நடத்தி வந்தார். சிறுவனாக இருந்தபோதே பையம் அவருடன் பயணம் செய்துள்ளார். பின்னர் பதின்ம வயதில் ஆடு மேய்க்கும் வேலை பார்த்தபோது, கழுதை இழுக்கும் இரு சக்கர வண்டி ஒன்றே இவரது வீடாக இருந்தது. மண்ணெண்ணெய் அடுப்பு, உணவுப் பொருட்கள், கழுவுவதற்கு ஒரு வாளி ஆகியவையே அதில் இருந்தன. நகரும் வீட்டில் ஒரு மனிதனுக்குக் குறைந்த அளவாக எவை தேவை என்ற கணக்கை இவர் படித்துக் கற்கவில்லை, வாழ்ந்து கற்றார் எனலாம்.

1921 இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். அதன் பின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் விளம்பர எழுத்தாளராகப் பணியாற்றி, தொடர்ந்து இதழ்களை வெளியிடும் தொழிலில் இறங்கினார்.

முதல் வண்டிகள்

இவர் வெளியிட்ட இதழ் ஒன்றில் டிரெய்லர் செய்யும் முறை பற்றிய கட்டுரை இடம்பெற்றது. அவ்வரைபடத்தின்படி வண்டி சரியாக அமையவில்லை என வாசகர்கள் முறையிட்டதால், பையம் தாமே அதைச் செய்து பார்த்தார். குறைகளைக் கண்டபின் சொந்தமாக ஒரு வடிவத்தை உருவாக்க முனைந்தார். போர்டு மாடல் டி மகிழுந்தின் அடிச்சட்டத்தின் மேல் கூடாரம் ஒன்றை அமைத்தது இவரது தொடக்க முயற்சி ஆகும். சமையலறை இல்லாத பயணத்துக்கு இவரது மனைவி மேரியன் உடன்படவில்லை என்று கூறப்படுகிறது. எனவே அடுத்ததாகச் செய்த வண்டி கண்ணீர்த் துளி வடிவில், அடுப்பும் பனிக்கட்டிப் பெட்டியும் கொண்டதாக அமைந்தது. அதன் வரைபடங்களை அஞ்சல் வழி விற்கத் தொடங்கிய பையம், 1930களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் கல்வர் சிட்டியில் சிறு தொழிற்சாலை ஒன்றை நடத்தி வந்தார்.

அக்காலத்து டிரெய்லர்களுள் பல, சக்கர அச்சின் மேல் வைத்த பெட்டிகளாகவே இருந்தன. உள்ளே நிமிர்ந்து நிற்க இயலாது. பையம் தரையைச் சக்கரங்களுக்கு இடையே தாழ்த்தி, கூரையை உயர்த்தினார். இன்று எளிதாகத் தோன்றும் இம்மாற்றமே படுக்கைப் பெட்டியை வீடாக மாற்றியது எனலாம்.

கிளிப்பர்

1934 இல் ஹாலி போலஸ் என்பவர் அலுமினியத்தால் ஆன ரோடு சீப் என்னும் டிரெய்லரை உருவாக்கினார். இவர் சார்லஸ் லின்ட்பெர்க் அத்திலாந்திக்கைக் கடந்த வானூர்தியின் கட்டுமானத்தில் பங்கு கொண்டவர். ரோடு சீப்பின் கதவு முன்புறத்தில், இழுவைத் தண்டுக்கு மேலே இருந்ததால் ஏறி இறங்குவது கடினமாக இருந்தது. போலசின் நிறுவனம் நொடித்தது. பையம் அவ்வடிவமைப்பைத் தழுவிக் கதவைப் பக்கவாட்டுக்கு மாற்றி, 1936 ஜனவரியில் கிளிப்பர் என்ற பெயரில் வெளியிட்டார். பான் ஆம் நிறுவனத்தின் கடல் வானூர்திகளின் பெயரே இதற்கு இடப்பட்டது. நான்கு பேர் உறங்கும் வசதி, சொந்த நீர்த்தொட்டி, மின்விளக்குகள் ஆகியவற்றைக் கொண்டிருந்த கிளிப்பரின் விலை 1,200 டாலர்கள். உலர் பனிக்கட்டியைப் பயன்படுத்திக் காற்றைக் குளிர்விக்கும் ஏற்பாடும் இருந்தது. பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் இது பெரிய தொகை என்றாலும் வண்டிகள் விற்பனையாயின.

இரண்டாம் உலகப் போரின்போது அலுமினியம் படைத் தேவைக்கு ஒதுக்கப்பட்டதால் நிறுவனம் மூடப்பட்டது. பையம் வானூர்தித் தொழிற்சாலைகளில் பணியாற்றினார். போருக்குப் பின் சிறிது காலம் கர்ட்டிஸ் ரைட் என்ற பெயரில் டிரெய்லர்கள் தயாரிப்பதில் ஈடுபட்டு, பின்னர் ஏர்ஸ்ட்ரீமை மீண்டும் நிறுவினார். 1952 இல் ஒகையோ மாநிலத்தின் ஜாக்சன் சென்டரில் இரண்டாவது தொழிற்சாலை தொடங்கப்பட்டது. தலைமுறைகள் கடந்தும் ஏர்ஸ்ட்ரீம் வண்டிகள் அவ்வூரிலேயே உருவாக்கப்படுகின்றன.

நீளம் பற்றிய சிக்கல்

பையத்தின் தொழில் வாழ்க்கை முழுவதும் உடன் வந்த கேள்வி ஒன்று உண்டு. ஆண்டு முழுவதும் சாலையிலேயே வாழ நினைப்பவருக்கு எத்தனை அடி நீள வண்டி தேவை? இது வசதி பற்றிய கேள்வி மட்டுமன்று. வண்டி எந்தச் சாலையில் செல்லும், எந்தப் பாலத்தைக் கடக்கும், எவ்வகை ஊர்தியால் இழுக்கப்படும் என்பவை அனைத்தும் நீளத்தையே சார்ந்துள்ளன.

நீளமான வண்டி வளைவில் திரும்பும்போது அதன் சக்கரங்கள் இழுக்கும் ஊர்தியின் தடத்தை விட்டு வளைவின் உட்பக்கமாக விலகிச் செல்லும். சக்கரங்களுக்குப் பின்னால் நீண்டிருக்கும் வால் பகுதியோ எதிர்ப்பக்கம் வீசும். ஓடை போன்ற பள்ளங்களில் இறங்கி ஏறும்போது அவ்வால் தரையில் உரசும். எடை கூடும்போது ஒன்றுக்கு மேற்பட்ட அச்சுகளும் வலுவான இழுவை ஊர்தியும் தேவைப்படும். மொத்த எடையில் ஏறத்தாழ 10 முதல் 15 விழுக்காடு இணைப்புக் கொண்டியின் மீது அமைய வேண்டும். அது குறைந்தால் வண்டி பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். மறுபுறம், குட்டையான வண்டி எல்லா வகையிலும் எளிதானது என்றும் கூற முடியாது. பின்னோக்கிச் செலுத்தும்போது அது சட்டென்று மடங்கிவிடும். புதியவர்களுக்கு நீளமான வண்டியே இதில் எளிது என்பது வியப்பளிக்கலாம்.

நீளத்தை அளக்கும் முறையிலும் ஒரு நுட்பம் உள்ளது. ஏர்ஸ்ட்ரீம் வண்டிகளின் அறிவிக்கப்பட்ட நீளம் இழுவைத் தண்டையும் சேர்த்தது. எனவே 16 அடி (4.9 மீட்டர்) வண்டி என்றால், உள்ளே வாழக் கிடைக்கும் இடம் அதைவிட மூன்று அடி அளவுக்குக் குறைவு. 30 அடி வண்டியில் இவ்விழப்பு பொருட்டாகாது. சிறிய வண்டியில் ஒரு படுக்கையின் அகலமே போய்விடும்.

1950களில் அமெரிக்க டிரெய்லர் தொழில் இரண்டாகப் பிரிந்தது. நெடுஞ்சாலைகளில் பொதுவாக அனுமதிக்கப்பட்ட அகலம் 8 அடி ஆகும். வீட்டுப் பற்றாக்குறை நிலவியதால், நிலையாக வாழ்வதற்கு வாங்குவோர் பெருகினர். அவர்களுக்காக வண்டிகள் ஆண்டுதோறும் நீண்டன. அப்பத்தாண்டின் நடுவில் 10 அடி அகல வீடுகளும் வந்தன. அவற்றை இழுத்துச் செல்லத் தனி அனுமதி தேவைப்பட்டது. பெயரில் நகரும் வீடு என்று இருந்தாலும் அவை பெரும்பாலும் ஒருமுறை மட்டுமே நகர்ந்தன. பையம் அச்சந்தையின் பின் செல்லவில்லை. சாதாரணக் குடும்பத்தினர் தாமே இழுத்துச் செல்லக்கூடிய வண்டி என்ற எல்லைக்குள்ளேயே நின்றார். இவரது வணிக முடிவுகளில் இதுவே முதன்மையானது எனத் தோன்றுகிறது.

ஆயினும் ஒரே நீளம் அனைவருக்கும் பொருந்தும் என்று இவர் கருதவில்லை. இவர் காலத்து வண்டிகளுள் 22 அடி கொண்ட பிளையிங் கிளவுட் நடுத்தரமானது. 26 அடி ஓவர்லாண்டர் அதனினும் பெரிது. 30 அடி (9.1 மீட்டர்) கொண்ட சாவரின் ஆப் த ரோடு, நீண்ட காலம் வண்டியிலேயே வாழ்பவர்களுக்கு ஏற்றது. 1957 இல் அறிமுகமான இன்டர்நேஷனல் வகை, வெளி இணைப்பு எதுவும் இன்றியே நீர், வெந்நீர், விளக்கு, கழிப்பறை ஆகியவற்றை வழங்கியது. இது நீளம் பற்றிய கணக்கையே மாற்றியது. முகாமில் பொதுக் குளியலறை இருக்கும் வரை சிறிய வண்டி போதும். பாலைவனத்தில் ஒரு வாரம் தங்க வேண்டுமெனில் குளியலறை, நீர்த்தொட்டி, எரிவாயு உருளை ஆகியவை அனைத்தும் வண்டிக்குள்ளேயே இடம்பெற வேண்டும்.

கேரவன் பயணங்கள்

பையம் தமது வண்டிகளைத் தாமே சாலையில் சோதித்தார். 1951 இன் இறுதியில் மெக்சிகோ வழியாக நடு அமெரிக்காவுக்குச் செல்லும் கூட்டுப் பயணம் ஒன்றை ஏற்பாடு செய்தார். 63 டிரெய்லர்கள் புறப்பட்டன. 14 மட்டுமே இறுதி வரை சென்றன. கரடுமுரடான மலைச் சாலைகள் வண்டிகளின் பலவீனங்கள் அனைத்தையும் வெளிக்கொணர்ந்தன. விளம்பரத் துறையில் இருந்து வந்த ஒருவர் இதை மறைக்க முயன்றிருக்கலாம். பையமோ அடுத்தடுத்த பயணங்களை நடத்தினார். அவற்றில் கண்ட குறைகள் தொழிற்சாலையில் திருத்தப்பட்டன.

1955 இல் கனடாவின் நோவா ஸ்கோசியாவில் உள்ள கென்ட்வில் நகரில், அப்போதைய பயணத்தில் கலந்துகொண்டவர்கள் வாலி பையம் கேரவன் கிளப் இன்டர்நேஷனல் என்னும் சங்கத்தைத் தொடங்கினர். 1956 இல் ஐரோப்பியப் பயணம் நடந்தது. இவரது உறவினரான எலன் பையம் சுவாம்போர்ன் இப்பயணங்களின் நிர்வாகத்தில் பெரும்பங்கு ஆற்றினார். நீலத் தொப்பி இப்பயணிகளின் அடையாளம் ஆனது.

இவற்றுள் மிகவும் புகழ்பெற்றது 1959–60 இல் ஆப்பிரிக்காவின் தென்முனையில் உள்ள கேப் டவுனில் இருந்து கெய்ரோ வரை மேற்கொள்ளப்பட்ட பயணம் ஆகும். 41 டிரெய்லர்களில் 106 பேர் சென்றனர். ஓய்வு பெற்ற முதியவர்கள் பலர் அவர்களுள் இருந்தனர். கென்யாவில் இருந்து எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபா வரையிலான பகுதி மிகக் கடுமையாக இருந்தது. அங்கே பேரரசர் ஹைலி செலாசி பயணிகளைச் சந்தித்தார். பிரமிடுகளின் அருகே வெள்ளி நிற வண்டிகள் வட்டமாக நிற்கும் நிழற்படம் இன்றும் அடிக்கடி அச்சிடப்படுகிறது.

1961 இல் வெளியான 16 அடி வண்டிக்குப் பாம்பி என்று பெயரிடப்பட்டது. இப்பெயர் வால்ட் டிஸ்னியின் திரைப்படத்தில் இருந்து வந்ததாகப் பலர் எண்ணுகின்றனர். ஆனால் அங்கோலாவில் வாழும் சிறு மான் ஒன்றின் பெயரே வண்டிக்கு இடப்பட்டது. ஆப்பிரிக்கப் பயணத்தின்போது பையம் இம்மானைப் பற்றி அறிந்துகொண்டார். ஒரே அச்சும் ஒரு டன்னுக்கும் குறைவான எடையும் கொண்ட பாம்பியைச் சாதாரண மகிழுந்தே இழுத்துவிடும்.

இறுதிக் காலம்

1960 இல் டிரெய்லர் பயணம் பற்றிய இவரது விரிவான நூல் வெளிவந்தது. பொருட்களைக் குறைப்பது, வண்டியை நிறுத்தும் இடத்தைத் தேர்வது, வெளிநாட்டுச் சாலைகளில் நடந்துகொள்ள வேண்டிய முறை ஆகியவற்றை அதில் விளக்கியுள்ளார். மூளைக் கட்டியால் பாதிக்கப்பட்டிருந்த பையம் 1962 ஜூலை 22 அன்று லாஸ் ஏஞ்சலஸ் நகரில் தமது 66ஆம் அகவையில் காலமானார்.

இவரது மறைவுக்குப் பின் 1963–64 இல் சிங்கப்பூரில் தொடங்கி லிஸ்பன் வரை உலகைச் சுற்றும் பயணத்தைச் சங்கத்தினர் நடத்தினர். 1967 இல் பீட்ரிஸ் புட்ஸ் நிறுவனமும், 1980 இல் பின்னர் தோர் இண்டஸ்ட்ரீஸ் என அறியப்பட்ட நிறுவனத்தின் நிறுவனர்களும் ஏர்ஸ்ட்ரீமை வாங்கினர். 1969 இல் அப்பல்லோ 11 விண்வெளி வீரர்கள் நிலவில் இருந்து திரும்பியதும் தனிமைப்படுத்தி வைக்கப்பட்ட கூடம், மாற்றியமைக்கப்பட்ட 35 அடி ஏர்ஸ்ட்ரீம் வண்டியே ஆகும். 1963 ஆம் ஆண்டின் பாம்பி ஒன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது.

2020களிலும் இந்நிறுவனம் 16 அடி முதல் 33 அடி வரையிலான வண்டிகளைத் தயாரிக்கிறது. முழுநேரப் பயணிகளிடையே நீளம் பற்றிய விவாதமும் ஓயவில்லை. மொன்டானாவில் உள்ள கிளேசியர் தேசியப் பூங்காவின் மலைச் சாலையில், குறிப்பிட்ட பகுதிக்குள் 21 அடிக்கு மேற்பட்ட ஊர்திகளுக்கு அனுமதி இல்லை. மகிழுந்தையும் வண்டியையும் சேர்த்தே இது அளக்கப்படுகிறது. பாம்பி அளவிலான வண்டியை வைத்திருப்பவரும் அங்கே அதைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் மேலே செல்ல முடியும்.