இரயிம்மன் தம்பி

திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயில் திருவிழாக்களில் இரவு முழுதும் கதகளி ஆடுதல் நெடுநாளைய வழக்கம். அக்கூத்திற்குரிய ஆட்டக்கதைகளுள் கீசகவதத்தை அறியாத கதகளி அன்பர் இலர். அதனை இயற்றிய பெரியாரின் வரலாற்றை ஈண்டுச் சிறிது கூறப் புகுந்தோம்.

இவரது இயற்பெயர் இரவிவர்மன் தம்பி. அது மருவி இரயிம்மன் தம்பி என வழங்கலாயிற்று. பிறந்த ஆண்டு 1782. தந்தையார் சேர்த்தலைக் கோவிலகத்துக் கேரளவர்மத் தம்பான். தாயார் திருவிதாங்கூர் அரச குடும்பத்தோடு உறவுடைய அம்மவீட்டுப் பார்வதிப் பிள்ளைத் தங்கச்சி. அரச இரத்தம் உடலில் ஓடினும், மருமக்கள்தாயம் வழங்கிய அந்நாட்டில் அம்மவீட்டார்க்கு அரியணையில் உரிமை இல்லை. எனவே அரண்மனையில் உறவினராகவும் ஊழியராகவும் ஒருங்கே வாழும் நிலை அவர்க்கு வாய்த்தது. 1813-இல் சுவாதித் திருநாள் பிறந்தபொழுது ‘ஓமனத்திங்கள்’ என்னும் தாலாட்டைப் பாடியவர் இவரே. அக்குழந்தை வளர்ந்து முடிசூடியபின் அவ்வரசவையிலேயே புலவராய் அமர்ந்தார். 1846-இல் அம்மன்னர் 33 வயதில் மாண்டதையும் காண நேர்ந்தது.

கீசகவதத்தின் கதை மாபாரதத்தில் உள்ளதே. மறைந்து வாழவேண்டிய ஆண்டில் திரௌபதி, சைரந்திரி என்னும் பணிப்பெண்ணாய் விராடன் தேவி சுதேஷ்ணையிடம் அமர்கிறாள். தேவியின் தம்பி கீசகன் அவள்மேல் மோகங்கொண்டு காம்போதி இராகத்தில் கெஞ்சுகிறான். கொடியவன் வாய்க்கு இத்துணை இனிய பண்ணா என வியப்போம். ஆனால் தனக்குக் கீழ்ப்பட்டவளிடம் தலைவன் இனிமையாகத்தானே தொடங்குவான்! அவள் மறுக்கவே, அவன் தமக்கையை நாடுகிறான். தேவியோ யாவும் அறிந்தே, மதுவும் உணவும் கொண்டுவருமாறு சைரந்திரியை அவன் மனைக்கு ஏவுகிறாள். வேண்டாமென்று அழுது பார்த்தும் பயனின்றி, கலத்தைக் கையிலேந்தி அவள் நடுங்கி நடுங்கிச் செல்லும் இடமே இந்நூலின் உயிர். இறுதியில் மடைத்தொழிலாளனாய் மறைந்திருந்த வீமன் கீசகனைக் கொன்றொழிக்கிறான். எனினும், எம் கருத்தில் கீசகனினும் சுதேஷ்ணையே அஞ்சத்தக்கவள். காமத்தால் அறிவிழந்தவன் அவன். தம்பியின் பொருட்டுத் தன் நிழலில் ஒதுங்கியவளைக் கண் திறந்தே பலி கொடுத்தவள் இவள். ஆணையிடுவோர் நடுவே பணிந்து வாழ்ந்த புலவர்க்கன்றி அக்காட்சி அங்ஙனம் அமைந்திராது.

உத்தரா சுயம்வரம், தக்ஷயாகம் என்னும் ஆட்டக்கதைகளும் இவருடையனவே. இவர் மகளார் குட்டிக்குஞ்ஞுத் தங்கச்சியும் (1820–1904) ஆட்டக்கதை இயற்றிய புலவர்.

தம்பி வாழ்ந்த காலத்துத் திருவிதாங்கூரில் மனிதரை விற்றலும் வாங்கலும் உண்டு. தென்பகுதிப் பெண்டிர் மார்பை மறைக்கும் உரிமைக்காக 1820-களிலேயே அடியும் அவமானமும் பட்டனர். அடிமைமுறை ஒழிந்தது 1855-இல்; அதற்கடுத்த ஆண்டில் தம்பி காலமானார். சைரந்திரியின் நடுக்கத்தைத் தம் வாழ்விலேயே அறிந்திருந்த குடிகளோ, 1936-இல் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியாகும் வரை, கோயில் மதிலுக்கு வெளியிலேயே நின்றனர்.