பண்டிதர் அயோத்திதாசரும் தெய்வம் நீங்கிய சமயமும்

நமது பேட்டையில் ஒரே தெருவில் ஒரு வீட்டார் அம்மன் கொடைக்கு வரி எழுதுவர். அடுத்த வீட்டார் ஞாயிறுதோறும் தேவாலயம் செல்வர். மூன்றாம் வீட்டு இளைஞரோ இரண்டையும் நம்புவதில்லை என்பார். அவர் வரி கொடுக்க மறுப்பதும், பெரியோர் மனம் நோவதும் நாம் ஆண்டுதோறும் காண்பன. தெய்வ நம்பிக்கை இல்லாதவர்க்குச் சமயத்தால் ஆவது யாது என்று அவ்விளைஞர் கேட்கிறார். இது எள்ளி ஒதுக்கத்தக்க வினாவன்று. நம்மவர்க்குள் தோன்றிய பேரறிஞர் ஒருவர் இதே வினாவைத் தம் வாழ்நாள் முழுதும் சுமந்தார். அவரே பண்டிதர் க. அயோத்திதாசர்.

பண்டிதர் 1845ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள் சென்னையில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். பாட்டனார் கந்தப்பன் ஆரிங்டன் என்னும் ஆங்கிலேய அதிகாரியிடம் பணிபுரிந்தவர்; திருக்குறள் ஓலைச்சுவடியை எல்லிஸ் துரையிடம் சேர்ப்பித்தவர் இவரே என்பதைப் பண்டிதர் பெருமையுடன் பதிவு செய்துள்ளார். கல்வி அக்குடும்பத்துக்குப் புதியதன்று என்பதை நம் இளைஞர் கருத்தில் கொள்ளல் வேண்டும். காத்தவராயன் தம் ஆசானிடம் தமிழும் சித்த மருத்துவமும் கற்றார். அவர்பால் கொண்ட அன்பினால் அவர் பெயரையே தம் பெயராக ஏற்றார். பின்னர் நீலகிரியில் வாழ்ந்தபோது 1870களில் அத்வைதானந்த சபையை நிறுவினார். எல்லா உயிரும் ஒன்றே என்னும் கொள்கை நிலைபெற்றால் சாதி தானே விழும் என்று அக்காலத்தில் எண்ணினார் போலும். கொள்கை நிலைபெற்றது, சாதியும் நிலைபெற்றது.

1891 டிசம்பரில் உதகையில் திராவிட மகாசன சபையின் மாநாட்டைக் கூட்டிப் பத்துத் தீர்மானங்களை நிறைவேற்றினார். மறு ஆண்டு சென்னையில் மகாசன சபையார் கூட்டிய மாநாட்டுக்கு நீலகிரியின் சார்பாளராகச் சென்றார். சிவாலயங்களிலும் விஷ்ணு ஆலயங்களிலும் தம் மக்கள் நுழைய ஏன் தடை என்று அங்கே வினவினார். அத்தெய்வங்கள் உங்களுக்கு உரியனவல்ல. மதுரைவீரனும் காட்டேரியும் கருப்பண்ணனுமே உங்களுக்குப் போதும் என்று அவையிலிருந்த சாஸ்திரியார் ஒருவர் விடை கூறினார். பண்டிதர் தளரவில்லை. அப்படியாயின் உங்கள் தெய்வங்கள் எங்களுக்கு வேண்டா. எம் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்பு வரை இலவசக் கல்வியும், நிலமற்றார்க்குத் தரிசு நிலமும் தாருங்கள் என்று கேட்டார்.

இவ்விடத்தில் அவர் சமயத்தையே உதறியிருக்கலாம். உதறினாலும் எவரும் குறை கூறியிருக்க மாட்டார். ஆனால் 1898இல் அவரும் தலைமையாசிரியர் கிருஷ்ணசாமியாரும் அடையாற்றில் கர்னல் ஆல்காட்டைக் கண்டு, அவருடன் கொழும்பு சென்று, சுமங்கல நாயக தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றனர். அவ்வாண்டே சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் தோன்றியது.

படைப்புக் கடவுளை அச்சங்கம் வணங்கவில்லை. புத்தரை அவதாரமாகவும் கொள்ளவில்லை. ஆராய்ந்து அறிந்து பிறர்க்குரைத்த மாமனிதராகவே போற்றியது. தெய்வத்தை நீக்கிய பின் எஞ்சியவற்றையெல்லாம் பண்டிதர் விடாது பற்றிக்கொண்டார். ஞாயிறுதோறும் மக்கள் கூடினர்; பஞ்சசீலம் ஓதினர்; அறவுரை கேட்டனர். பெயரிடலும் திருமணமும் இறுதிக்கடனும் புரோகிதரின்றித் தம்மவராலேயே நடத்தப்பெற்றன. பிறப்பும் மணமும் சாவும் நம்பிக்கையற்றவர் வீட்டுக்கும் வருவனவே. அந்நாளில் நால்வர் கூடி நின்று நல்ல சொற்களைச் சொல்ல ஒரு முறைமை வேண்டாவா? பிறர் வாயிலில் நின்று அம்முறைமையை இரந்து பெறும் இழிவிலிருந்து தம் மக்களை அவர் மீட்டார்.

திருவிழாக்களையும் அவர் கைவிட்டாரில்லை. அவற்றின் உட்பொருளை மாற்றினார். தீபாவளி அசுரன் மடிந்த நாளன்று, எள்ளிலிருந்து நெய் காணப்பெற்ற நாள் என்றார். கார்த்திகை விளக்கை ஆமணக்கெண்ணெயோடு இணைத்தார். அம்மனைப் பற்றி அவர் எழுதியது நம் ஊராரின் தனிக் கவனத்துக்கு உரியது. அம்பிகை குருதிப் பலி கேட்கும் தெய்வமல்லள். வைசூரி கண்டோர்க்கு வேம்பினால் மருத்துவம் செய்த பிக்குணி என்பது அவர் கொள்கை. அவரே சித்த மருத்துவர் அன்றோ! நோயாளியின் பக்கத்தில் அமர்ந்தவளை மக்கள் மறவாது வணங்கினர் என்று அவர் கண்டதில் வியப்பில்லை. கொடை நாளில் வாயிலில் வேப்பிலை கட்டும் நம் தாய்மாரை மூடர் என்று இகழாமலே, அவ்விழாவுக்கு ஒரு பொருள் காண இது இடம் தருகிறது.

1907 ஜூன் 19 முதல் அவர் நடத்திய ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழ், மறு ஆண்டு முதல் ‘தமிழன்’ எனப் பெயர் பெற்றது. கோலார் தங்கவயலின் சுரங்கத் தொழிலாளரிடமும், கடல் கடந்து இரங்கூன், தென்னாப்பிரிக்கா ஆகிய இடங்களில் உழைத்த தமிழரிடமும் அது சென்றது. மாரிக்குப்பத்திலும் பெங்களூரிலும் கிளைகள் எழுந்தன. 1911ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் சாதிப் பெயரின்றிப் பௌத்தர் என்று பதிவு செய்யுமாறு அவ்விதழ் மக்களைத் தூண்டியது.

பண்டிதர் கூறிய அனைத்தையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதில்லை. அவர் கண்ட சொற்பிறப்புகள் பலவற்றை மொழியறிஞர் ஏற்பதில்லை. அதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. நம்மைப் போலவே ஒதுக்கப்பட்ட வேறு சில சமூகத்தாரைத் தம்மவரோடு சேர்த்தெண்ண அவர் மனம் இசையவில்லை. அறத்தைச் சமயமாகக் கொண்டவரிடமும் இக்கறை இருந்தது என்பதை இம்மலரில் மறைப்பது முறையன்று. அவர் மைத்துனர் இரட்டைமலை சீனிவாசன் பௌத்தத்துக்கு வரவில்லை. அவ்வியக்கத்தில் உடனிருந்த அறிவியல் பேராசிரியர் இலட்சுமி நரசுவோ அதனைப் பகுத்தறிவின் வழியில் விளக்கினார். நரசு 1907இல் வெளியிட்ட ஆங்கில நூலின் 1948ஆம் ஆண்டுப் பதிப்புக்கு அண்ணல் அம்பேத்கர் முன்னுரை வழங்கினார்; 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் அண்ணலும் பௌத்தம் தழுவினார்.

பண்டிதர் 1914 மே 5ஆம் நாள் மறைந்தார். அவருக்குப்பின் அவர் மைந்தர் பட்டாபிராமன் இதழைத் தொடர்ந்தார். பிற்காலத்தில் கோலார் தங்கவயலிலிருந்து அப்பாதுரையார் அதனை நடத்தினார். பின்னர் நெடுங்காலம் அவர் பெயரை நாடு மறந்திருந்தது. பழைய இதழ்களிலிருந்து ஞான. அலாய்சியஸ் தொகுத்த அவர் எழுத்துகளை 1999இல் வெளியிட்டது ஆற்றின் அக்கரையில் நம் பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம். பௌத்தர் ஒருவரின் எழுத்தைக் கிறித்தவக் கல்லூரியொன்று காத்தளித்தது. அத்தொகுதிகள் நம் சங்க நூலகத்தில் உள்ளன. கொடைக்கு வரி மறுக்கும் இளைஞரும், வரி எழுத வரும் பெரியவரும் அவற்றை எடுத்துச் சென்று படிக்கலாம்.