சூனியத்தைச் சமயமாக்கிய சுங்க அதிகாரி

நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலருக்கு ஆன்றோர் ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தருமாறு பணித்தனர். பாரதியையும் வள்ளலாரையும் எழுத வல்லார் நம்மிடையே பலர் உளர். நான் எடுத்துக்கொண்டவரை ஆன்றோர் வரிசையில் வைக்கலாமா என்பதே ஐயத்திற்குரியது. அவர் கவிஞர் அல்லர். தம் தாய்மொழியைப் பிழையின்றி எழுதவும் வராதவர். ஜெரால்ட் கார்ட்னர் என்பது பெயர். மேலைநாடுகளில் இன்று விக்கா என வழங்கும் சமயத்தை உலகறியச் செய்தவர். இயற்றுதல், இரவல் கொள்ளுதல், இயற்றியதற்குத் தொன்மை கற்பித்தல் ஆகிய மூன்றையும் பற்றிப் பாட்டெழுதுவோர் எண்ணிப் பார்க்க வேண்டியவை அவர் வாழ்வில் நிறைய உள்ளன. அவர் இளமை கழிந்ததும் தமிழர் நடுவில்தான்.

சூனியம் என்றவுடன் கொடுங்கையூர்வாசிகளாகிய நமக்கு நினைவில் எழுவன, பில்லி, சூனியம், ஏவல் அகற்றப்படும் எனச் சுவரில் ஒட்டிய தாளும், முச்சந்தியில் நசுங்கிக் கிடக்கும் எலுமிச்சம்பழமும்தாம். கார்ட்னர் பேசிய சூனியம் வேறு. நிலவோடு இணைத்து எண்ணப்படும் ஒரு தாய்த்தெய்வத்தையும், கொம்புடைய ஓர் ஆண்தெய்வத்தையும் வட்டம் வரைந்து அதனுள் நின்று வழிபடும் நெறி அது. அதில் பெண்ணே தலைமைப் பூசாரி. கிறித்துவம் பரவுமுன் ஐரோப்பாவில் இருந்த பழஞ்சமயம் இதுவே என்றும், சூனியக்காரிகள் எனக் கொல்லப்பட்டோர் இதன் அடியவர் என்றும் அவர் சாதித்தார்.

இங்கிலாந்தில் லிவர்பூலை அடுத்த ஊரொன்றில் 1884 ஜூன் 13ஆம் நாள் பிறந்தார். மர வணிகம் செய்த செல்வக் குடும்பம். பிள்ளைக்கு ஆஸ்துமா; குளிர் ஆகாது. எனவே செவிலிப்பெண் ஒருவருடன் வெப்ப நாடுகளுக்கு அனுப்பி வைத்தனர். பள்ளிக்கூடம் என்று சொல்லத்தக்க எதையும் அவர் கண்டதில்லை. பழைய மாத இதழ்களைப் புரட்டித் தாமே படிக்கக் கற்றார். இளமையில் அவர் மனத்தைப் பற்றிய நூல், இறப்பு என்பதே இல்லை என வாதிக்கும் ஆவியுலக நூல். அதை எழுதிய புளோரன்ஸ் மேரியட், சென்னை மாகாணப் படை அதிகாரி ஒருவரை மணந்து இந்தியாவில் சில ஆண்டுகள் வாழ்ந்தவர். கார்ட்னரின் கதையில் நம் நாட்டின் சாயல் விழும் முதல் இடம் இது.

செவிலிப்பெண் இலங்கையில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஒருவரை மணந்துகொண்டார். 1900இல் பதினாறு வயதுக் கார்ட்னரும் உடன் புறப்பட்டார். சிவனொளிபாத மலையின் அடிவாரத்து மஸ்கெலியாவில் தோட்டத் தொழில் பயின்றார். நம்மவர் மொழியில் சொன்னால் சின்னத்துரை. திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் அழைத்துச் சென்ற மக்கள் லயங்களில் அடைந்து கிடந்த காலம் அது. அவர்கள் கையோடு கொண்டு சென்றவை மாரியம்மனும் முனியாண்டியும் மாடசாமியும் காமன் கூத்தும். தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒரு கல்லை நிறுத்தினால் கோயில்; அருள் வந்து ஒரு பெண் ஆடினால் அன்று அவளே தெய்வத்தின் வாய்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். விக்கா நம் மாரியம்மன் பூசையிலிருந்து பிறந்தது என்று முழங்குவதற்கு யாதொரு சான்றும் இல்லை. உலகில் எது தோன்றினும் தமிழனிடமிருந்து என்னும் பழக்கம் நம் மலர்களுக்கு அழகன்று. இவ்வளவு மட்டும் கூறலாம்: திருச்சபையும் வேதநூலும் இல்லாமல், நெருப்பும் மேளமும் ஆட்டமும் கொண்டே ஒரு மக்கள் கூட்டம் சமயம் நடத்தக்கூடும் என்பதை அந்த இளைஞர் தம் கண்முன் பல்லாண்டு கண்டிருந்தார். அவருடைய ஊரார் அதைக் கண்டவர் அல்லர்.

அதே ஆண்டுகளில் அதே தீவில் வேறொரு நிகழ்ச்சி. ஆலன் பென்னட் என்ற ஆங்கிலேயர், அப்போது இலங்கை அரசின் சட்டத்துறையில் உயர்பதவி வகித்த சர் பொன்னம்பலம் இராமநாதனின் மக்களுக்கு ஆசிரியராக அமர்ந்து, இராமநாதனிடமே யோகம் பயின்றார். இராமநாதனோ தஞ்சை அருள்பரானந்த சுவாமிகளின் மாணவர். பென்னட்டைத் தேடி 1901இல் அலெய்ஸ்டர் குரோலி வந்து சேர்ந்தார். இருவரும் கண்டியில் தங்கி யோகப் பயிற்சி செய்தனர். பின்னாளில் ஆங்கிலேயச் செய்தித்தாள்கள் உலகிலேயே கொடியவர் எனத் தூற்றிய மந்திரவாதி இந்தக் குரோலி. சில பத்துக் கல் தொலைவில் இருந்த சின்னத்துரையும் இவரும் அப்போது சந்திக்கவில்லை. சந்திப்பதற்கு நாற்பத்தாறு ஆண்டுகள் ஆயின.

கொழும்பில் ஃபிரீமேசன் சங்கத்தில் சேர்ந்த கார்ட்னர், பிறகு போர்னியோ சென்றார், அங்கிருந்து மலாயா. அங்கும் ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டியோர் பெரும்பாலும் தமிழரே. நாகப்பட்டினத்திலும் நம் சென்னைத் துறைமுகத்திலும் கப்பலேறிச் சென்ற மக்கள் அவர்கள். 1923இல் தோட்ட வேலையை விட்டு அரசின் சுங்கத் துறையில் அமர்ந்தார். ரப்பரைக் கண்காணிப்பதும், பின்னர் அபின் விற்பனையை மேற்பார்வையிடுவதும் அவர் பணி. அரசு ஊழியம் பார்த்துக்கொண்டே எழுதுபவர் நம் வட்டத்தில் பலர் என்பதால் இதைக் குறிக்கிறேன். அலுவல் முடிந்த நேரங்களில் ஜோகூர் ஆற்றங்கரையில் பழம்பொருள் தேடினார். மலாய் மக்களின் கெரிஸ் என்னும் குறுவாளை ஆராய்ந்தார். கெரிஸில் ஓர் ஆவி உறைகிறது என்பது மலாயர் நம்பிக்கை. 1936இல் அவர் வெளியிட்ட கெரிஸ் நூல் இன்றும் அத்துறையினர் எடுத்துப் பார்க்கும் நூல். பின்னாளில் விக்கா வழிபாட்டில் கருங்கைப்பிடிக் கத்தியொன்று நடுநாயகமாக அமைந்ததற்கும் இதற்கும் தொடர்பிருக்கலாம் எனக் கருதுவோர் உண்டு. எனக்கும் அது பொருந்துவதாகவே படுகிறது.

1936இல் ஓய்வு பெற்று மனைவி டோனாவுடன் தாய்நாடு திரும்பினார். முப்பத்தாறு ஆண்டுகளில் பெரும்பகுதியை அயலில் கழித்தவருக்கு ஊர் அயலாகியிருந்தது. தென்கடற்கரையில் ஹைகிளிஃப் என்னும் சிற்றூரில் குடியேறி, அருகிருந்த கமுக்கச் சங்கம் ஒன்றின் நாடக அரங்கிற்குப் போய்வரத் தொடங்கினார். அச்சங்கத்தின் முன்னணியில் இருந்தவருள் ஒருவர் மேபல் பெசண்ட் ஸ்காட். அடையாற்றுப் பிரம்மஞான சங்கத்தின் தலைவராக விளங்கிய அன்னி பெசண்டின் மகள்! அந்த அரங்கில் அமைதியாக ஒதுங்கியிருந்த சிலர் தம்மை இனங்கண்டு, 1939 செப்டம்பரில், போர் மூண்ட அந்நாளில், பழைய சூனியக்காரர் குழுவொன்றில் தீட்சை தந்தனர் என்பது கார்ட்னர் கூற்று. முதிய டோரதி என்னும் மாது தம் இல்லத்தில் அதை நடத்தினாராம். மறு ஆண்டு ஹிட்லரின் படை கால்வாயைக் கடவாதபடி அக்குழு காட்டில் கூடி மந்திரம் செய்ததாகவும் சொன்னார். படை கடக்கவில்லை. விமானப் படையினர்க்கும் அதில் பங்குண்டு என நாம் சேர்த்துக்கொள்வோம்.

1947 மே மாதம், ஹேஸ்டிங்ஸ் நகரில் நோயுற்றுக் கிடந்த குரோலியைக் கண்டார். அவ்வாண்டின் இறுதியில் குரோலி மறைந்தார். ஆனால் அவருடைய வரிகள் கார்ட்னரின் ஏட்டில் குடியேறிவிட்டன.

அந்நாளில் பிரிட்டனில் 1735ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் இருந்தது. அதற்கு முந்தைய சட்டம் சூனியக்காரியைத் தூக்கிலிட்டது. இது சூனியம் வரும் என்று சொல்லி ஏய்ப்பவரைச் சிறையிலிட்டது. 1944இல்கூட ஹெலன் டங்கன் என்னும் ஆவி பேசும் மாது இதன்கீழ்ச் சிறை சென்றார். எனவே கார்ட்னர் தம் நெறியை 1949இல் புனைபெயரில் ஒரு நாவலாகவே வெளியிட்டார். 1951இல் சட்டம் நீக்கப்பட்டது. அதே ஆண்டு மேன் தீவில் சூனிய அருங்காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது. பின்னர் அதை அவரே விலைக்கு வாங்கினார். 1954இல் சூனியத்தின் இன்றைய நிலை குறித்த நூலைத் தம் பெயரிலேயே வெளியிட்டார். முன்னுரை வழங்கியவர் மார்கரெட் மர்ரே. கல்கத்தாவில் பிறந்து எகிப்தியவியலில் புகழ்பெற்ற அப்பெருமாட்டியே, கொல்லப்பட்ட சூனியக்காரிகள் ஒரு பழஞ்சமயத்தின் எச்சம் என்னும் கொள்கையை 1921இல் நூலாக்கியவர். அக்கொள்கையைப் பிற்கால வரலாற்றாசிரியர் ஏற்கவில்லை.

இனி, நமக்கு உறைக்க வேண்டிய பகுதிக்கு வருகிறேன். 1953இல் டோரீன் வேலியண்ட் என்னும் இளம்பெண் தீட்சை பெற்று விரைவில் தலைமைப் பூசாரி ஆனார். அவர் கவிஞர், நிறையப் படித்தவர். தொன்றுதொட்டு வருவதாகச் சொல்லப்பட்ட வழிபாட்டு ஏட்டைப் புரட்டியபோது, அதில் குரோலியின் வரிகளையும் வேறு நூல்களின் பகுதிகளையும் உடனே இனங்கண்டார். நேரில் கேட்டார். தமக்குக் கிடைத்தவை துண்டு துணுக்குகளே என்றும், இடைவெளிகளைத் தாம் அறிந்தவற்றால் நிரப்பியதாகவும் ஒப்புக்கொண்ட கார்ட்னர், முடிந்தால் நீயே நன்றாக எழுது என்னும் கருத்துப்பட ஏட்டை அவரிடமே விட்டார். வேலியண்ட் எழுதினார். அன்னைத் தெய்வம் தன் அடியார்க்கு உரைப்பதாக அவர் செப்பம் செய்த உரைப்பாடலே விக்கா சமயத்தின் உயிர்ப்பகுதி என இன்று ஓதப்படுகிறது.

ஒரு சமயம் தன் வேதத்தை ஒரு கவிஞரிடம் கொடுத்துத் திருத்தி வாங்கிய நிகழ்ச்சி வரலாற்றில் அரிது. எழுதப்பட்ட பாட்டு உண்மையானதா? அதை ஓதி உருகுவோரின் உருக்கம் பொய்யன்று. பாட்டின் வயதைப் பற்றிச் சொன்னது பொய். இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம்மிடமும் இந்த வழக்கு நெடுங்காலம் உண்டு. அகத்தியர் பெயரில் பிற்காலத்தார் இயற்றிய மருத்துவ, மாந்திரிக நூல்கள் எத்தனை! ஞானவெட்டியானைத் திருவள்ளுவர் தலையில் கட்டினார்களே. எழுதியவன் தன் பெயரை அழித்துக்கொண்டான் என்றால் அது பணிவு. பழையவர் பெயரால் பிறரைப் பணியச் செய்தான் என்றால் அது வேறு.

கார்ட்னரிடம் இரண்டும் இருந்தன. 1957 அளவில், செய்தித்தாள்களிடம் அவர் ஓயாது பேசுவதை வேலியண்டும் அவர் தோழரும் கண்டித்து, கட்டுப்பாட்டு விதிகள் சில வகுத்தனர். விதிகள் ஏற்கெனவே உள்ளன எனக் கூறிக் கார்ட்னர் பழைய நடையில் எழுதிய தாள் ஒன்றை அனுப்பினார். தலைமைப் பூசாரிக்கு வயது ஏறினால் இளையவளுக்கு இடம்விட்டு இன்முகத்தோடு விலக வேண்டும் என்பது அதில் ஒரு விதி! அந்தத் தாள் அண்மையில் எழுதப்பட்டது என்பதை வேலியண்ட் கண்டுகொண்டார். குழு உடைந்தது. என் தீர்ப்பைக் கேட்டால், துண்டுகளை நிரப்பியதற்காக அவரை நான் மன்னிப்பேன். இந்தத் தாளுக்காக மன்னிக்கமாட்டேன்.

ஆயினும் அவர் செய்த ஒன்றை மறுப்பதற்கில்லை. வசையாக இருந்த ஒரு சொல்லை அவர் எடுத்துத் தம் நெற்றியில் இட்டுக்கொண்டார். நம் நாட்டில் அச்சொல் இன்னும் கொல்கிறது. சூனியக்காரி எனப் பெயரிட்டுக் கைம்பெண்களையும் நிலமுடைய தனிப்பெண்களையும் அடித்துக் கொல்வதைத் தடுக்கப் பீகார் 1999இலும், ஜார்க்கண்ட் 2001இலும், சத்தீஸ்கர் 2005இலும், ஒடிசா 2013இலும், இராஜஸ்தான் 2015இலும் தனிச்சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. கார்ட்னரின் அடியவர் ஒருவர் நியூயார்க்கிலோ இலண்டனிலோ தம்மைச் சூனியக்காரி என்று பெருமையுடன் கூறிக்கொள்ள முடியும். சோட்டா நாகபுரியின் ஒரு சிற்றூரில் அதைப் பிறர் கூறிவிட்டால், ஒரு பெண் அன்றிரவே ஊரைவிட்டு ஓட வேண்டும். ஒரே சொல்தான்.

1960இல் டோனா இறந்தார். கணவரின் சூனியக் குழுவில் அவர் ஒருபோதும் சேரவில்லை. கார்ட்னர் குளிர்காலங்களில் வழக்கம்போல் வெப்பம் தேடிப் பயணம் போனார். லெபனானிலிருந்து திரும்பும்போது 1964 பிப்ரவரி 12ஆம் நாள் கப்பலில் மாரடைப்பு. அடுத்த துறைமுகமாகிய தூனிசில் புதைத்தனர். அருங்காட்சியகப் பொருள்கள் 1973இல் ஓர் அமெரிக்க நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. கல்லறை இருந்த நிலத்தில் வேறு பணிகள் நடக்கவிருந்ததை அறிந்து, அவரிடம் வழிவந்த ஒரு பெண் பொருள் திரட்டி உடலை வேறிடத்துக்கு மாற்றினார்.

முதிய டோரதி என ஒருவர் இருந்ததே பொய் எனப் பலர் எள்ளிவந்தனர். சண்டையிட்டுப் பிரிந்த வேலியண்ட்தான், ஆசிரியர் இறந்து பல ஆண்டுகள் கழிந்தபின், 1980களில் பழைய பதிவேடுகளைத் தோண்டி அந்த மாதைத் தேடினார். டோரதி கிளட்டர்பக் என்பவர் உண்மையாகவே ஹைகிளிஃபில் வாழ்ந்திருந்தார். பிறந்தது 1880இல், இந்தியாவில். தந்தை இங்கே படை அதிகாரி. அந்த அம்மையார் தீட்சை தந்தவர்தாமா என்பதில் ஆய்வாளர் இன்றும் மாறுபடுகின்றனர். அவர் எழுதிய நாட்குறிப்பேடுகள் கிடைத்துள்ளன. அவற்றில் பூக்களைப் பற்றியும் பருவங்களைப் பற்றியும் பாட்டுகள் இருக்கின்றன. சூனியம் பற்றி வெளிப்படையாக ஒன்றும் இல்லை.