அஞ்சா நெஞ்சர் சமியாத்தின்

பேராற்றல் வாய்ந்த அரசின் முன்னே, தன் நெஞ்சறிந்த உண்மையைத் தனியொருவன் கூறி நிற்றல் எளிதன்று. அவ்வாறு நின்ற பெருமக்களுள் ஒருவர் ரஷ்ய எழுத்தாளராகிய எவ்கெனி சமியாத்தின்.

அவர் 1884-ஆம் ஆண்டில் லெபெதியான் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் சமயகுரு, அன்னையார் இசையில் வல்லவர். தலைநகராகிய பீட்டர்ஸ்பர்க்கில் அவர் கப்பல் கட்டும் கலையைப் பயின்றார். அந்நாளில் ரஷ்யாவை ஜார் மன்னர் ஆண்டு வந்தார். மன்னராட்சியை எதிர்த்து 1905-ஆம் ஆண்டில் எழுந்த புரட்சியில் மாணவராகிய சமியாத்தினும் ஈடுபட்டார். அதனால் தனிச்சிறையில் அடைக்கப்பட்டார். பின்னர்த் தலைநகரினின்றும் அகற்றப்பட்டார்.

1916-ஆம் ஆண்டில் அவர் இங்கிலாந்து சென்று, பனிக்கடலைப் பிளந்து செல்லும் கப்பல்கள் கட்டப்படுவதை மேற்பார்த்தார். மறு ஆண்டில் தாயகத்தில் புரட்சி மூண்டது. சமியாத்தின் ஆர்வத்துடன் நாடு திரும்பினார். முடியாட்சி ஒழிந்து பொதுவுடைமைக் கட்சியின் ஆட்சி அமைந்தது. ஆயினும், புதிய ஆட்சியும் மாற்றுக் கருத்தைப் பொறுக்கவில்லை. 1922-ஆம் ஆண்டில் அவர் மீண்டும் சிறைப்பட்டார். முன்பு ஜார் அரசு அவரை அடைத்து வைத்த அதே சிறை அது!

இதற்குச் சிறிது முன்னரே, 1920, 1921-ஆம் ஆண்டுகளில், அவர் 'நாம்' என்னும் புதினத்தை எழுதி முடித்திருந்தார். எதிர்காலத்தில் தோன்றும் ஒரு கற்பனை அரசைப் பற்றியது அக்கதை. அங்கே மக்களுக்குப் பெயர் இல்லை; எண்களே உண்டு. வீடுகள் கண்ணாடியால் ஆனவை. ஆதலின் மறைவு என்பதே இல்லை. உண்பதும் உறங்குவதும் அரசு குறித்த நேரப்படியே நடைபெறும். கதைத் தலைவனும் ஒரு பொறியாளனே. அவன் எண் டி-503. அவன் ஐயுறக் கற்றபோது, கற்பனை ஆற்றலையே அறுவை செய்து அகற்றிவிடுகிறது அரசு. ஆனால், ஐ-330 என்னும் பெண்ணோ, கொடிய வதைக்கு உள்ளாகியும் தன் தோழரைக் காட்டிக் கொடாமல் வாய் மூடி நிற்கிறாள்.

இந்நூலை வெளியிட அரசு இசையவில்லை. 1924-ஆம் ஆண்டில் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு நியூயார்க்கில் வெளிவந்தது. 1927-இல் அயல்நாட்டு இதழொன்றில் ரஷ்ய மொழியிலும் பகுதிகள் வெளியாயின. அதனைக் காரணமாக்கி 1929-இல் பலரும் அவரைத் தூற்றினர். அவர் நூல்கள் அச்சேறவில்லை; நாடகங்கள் மேடையேறவில்லை. எனினும், அவர் தம் கருத்தை மறுத்துரைக்கவில்லை. எழுத்தாளர் சங்கத்தினின்றும் விலகினார்.

1931-ஆம் ஆண்டில், நாடே அஞ்சிய ஸ்டாலினுக்கு அவர் நேரே மடல் எழுதினார். எழுத இயலாத வாழ்வு எழுத்தாளனுக்குச் சாவுத் தண்டனையே என்றும், தாம் வெளிநாடு செல்ல இசைவு தருக என்றும் அதில் வேண்டினார். மன்னிப்பு மட்டும் கோரவில்லை. புகழ்பெற்ற எழுத்தாளர் கார்க்கியின் பரிந்துரையால் இசைவு கிடைத்தது. மனைவியுடன் நாடு நீங்கிய அவர், பாரிஸ் நகரில் வறுமையில் வாழ்ந்து, 1937-ஆம் ஆண்டில் மறைந்தார்.

சமியாத்தின் மறைந்தார், அவர் நூல் மறையவில்லை. 'நாம்' நூலைப் படித்துப் பாராட்டிய ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல், 1949-இல் '1984' என்னும் புதினத்தை வெளியிட்டார். 1988-ஆம் ஆண்டில் 'நாம்' ரஷ்ய மண்ணிலேயே அச்சேறியது. நூலைத் தடுத்த அரசு மூன்று ஆண்டுகளில் மறைந்தது. நூலோ இன்றும் வாழ்கிறது.