பூட்டத் தெரிந்த மேதை!

திருச்சிக்குக் கிழக்கே, தஞ்சாவூர் சாலையில் இருக்கிறது துவாக்குடி. இரும்பு வேலைக்குப் பெயர் பெற்ற ஊர்.

அங்கேயும் சரி, வேறு எந்த ஊரிலும் சரி, வீட்டு வாசலிலேயே கார் என்ஜினைக் கழற்றும் துணிச்சல்காரர்கள் உண்டு. கழற்றுவது எளிது. மறுபடி பூட்டி, "டைமிங்" சரியாக வைத்து ஓட்டுவதுதான் கடினம்!

இந்த வித்தையைப் பள்ளியில் படிக்காமல், தன் கையாலேயே கற்றுக்கொண்டு உயர்ந்தவர், கோவை தந்த மேதை ஜி. டி. நாயுடு.

ஓட்டல் சர்வர்

கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில், 1893-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி அவர் பிறந்தார். இயற்பெயர் துரைசாமி. தொடக்கப் பள்ளியோடு படிப்பு நின்றுவிட்டது.

ஒரு நாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடு இல்லை, குதிரை இல்லை. வண்டி தானாக ஓடுகிறதே! துரைசாமிக்கு வியப்புத் தாங்கவில்லை.

கோவைக்குப் போனார். ஓட்டலில் சர்வர் வேலை பார்த்தார். சம்பளத்தைக் காசு காசாகச் சேர்த்து, அந்த மோட்டார் சைக்கிளையே விலைக்கு வாங்கினார். அது "ரட்ஜ்" வண்டி.

வாங்கியவர் அதில் ஏறி ஊரைச் சுற்றினாரா? இல்லை. அக்கக்காகக் கழற்றினார்!

உழைத்துச் சேர்த்த பணமெல்லாம் துண்டு துண்டாகத் தரையில் கிடந்தது. பூட்ட முடியாவிட்டால் பழைய இரும்பு விலைதான். ஆனால், அவர் பூட்டினார்.

டைமிங் ரகசியம்

இதில் என்ன பெரிய வித்தை?

பெட்ரோல் கலந்த காற்றை உறிஞ்சுவது, அழுத்துவது, வெடிப்பது, புகையைத் தள்ளுவது என்று என்ஜினுக்கு நான்கு வேலை. இவை முடியக் கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றும். வால்வுகளைத் திறக்கும் கேம் ஒரே ஒரு சுற்றுத்தான் சுற்ற வேண்டும். இரண்டையும் இணைக்கும் சக்கரத்தில் ஒரு பல் மாறினாலும், வால்வுகள் வேளை தவறித் திறக்கும்.

தீப்பொறியும் அப்படியே. பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்னால் பொறி விழ வேண்டும். பிந்தினால் இழுவை குறையும், சூடு ஏறும். அதிகம் முந்தினால் என்ஜின் "டக் டக்" என்று தட்டும். கைப்பிடி போட்டுச் சுற்றிக் கிளப்பும் பழைய கார்களில், பொறி முந்தி விழுந்து, சுற்றியவரின் மணிக்கட்டே முறிந்ததுண்டு!

ஆகையால் தேர்ந்த மெக்கானிக், கழற்றுவதற்கு முன்பே பல் சக்கரங்களில் அடையாளம் இருக்கிறதா என்று பார்ப்பார். இல்லாவிட்டால் தாமே புள்ளி குத்தி வைப்பார். பூட்டியதும், கிளப்புவதற்கு முன் கையால் இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார். எங்காவது இடித்தால் நிறுத்திவிடுவார்.

ஒரே பஸ்

பிறகு பருத்தி வியாபாரத்தில் இறங்கினார் நாயுடு. நஷ்டம். மனம் மறுபடி மோட்டாருக்கே திரும்பியது. கோவைத் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ் கை கொடுத்தார்.

1920-ம் ஆண்டில் ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அந்த ஒரே பஸ்தான் "யு. எம். எஸ்." என்ற பெரிய பஸ் கம்பெனியாக வளர்ந்தது.

பஸ்ஸோடு நிற்கவில்லை. 1937-ல் பீளமேட்டில், பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து மின்சார மோட்டார் தயாரித்தார். இந்தியாவில் உருவான முதல் மோட்டார் என்று அது பெயர் பெற்றது. சவரக் கருவியும் செய்தார்.

1952-ல் இருவர் செல்லும் சிறிய காரை உருவாக்கினார். விலை 2,000 ரூபாய்தான்! ஆனால் சர்க்கார் லைசென்சு கிடைக்கவில்லை. கார் திட்டம் நின்றது.

நான்கா, இரண்டா?

1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரால் பொறியியல் கல்லூரி தோன்ற, நாயுடு பொருள் கொடுத்து உதவினார். முதல் பிரின்சிபாலும் அவரே. பட்டம் பெறாதவர், பட்டம் பெறப் போகிறவர்களுக்குத் தலைவர்!

நான்கு ஆண்டுப் படிப்பு வீண், இரண்டு ஆண்டு போதும் என்று வாதாடினார். அரசாங்கம் ஏற்கவில்லை. பதவியை விட்டு விலகினார். அந்தக் கல்லூரிதான் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி.

1974-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி அவர் காலமானார்.

துவாக்குடியிலோ வேறு ஊரிலோ, இன்று ஓர் இளைஞர் என்ஜினைப் பூட்டி முடித்து, முதல் தடவை அது சீராக உறுமும்போது அடைகிற மகிழ்ச்சி இருக்கிறதே, அதே மகிழ்ச்சியில்தான் ஜி. டி. நாயுடுவின் வாழ்வும் தொடங்கியது.