காற்றைக் கறந்த வாத்தியார்

எடிசனைத் தெரியும், மார்க்கோனியைத் தெரியும். பௌல் லா கூர்? டென்மார்க்கில் இவர் பெரிய புள்ளி. நம்ம பக்கம்தான் அவ்வளவாகத் தெரியாது.

1846-ல் பிறந்தவர். படித்தது வானிலை இயல். 1872-ல் டென்மார்க் வானிலை நிலையம் தொடங்கியபோது துணை இயக்குநர் நாற்காலி கிடைத்தது. கூடவே தந்தியில் ஆராய்ச்சி. இசைக்கவையை வைத்து ஒரே கம்பியில் பல செய்திகளை அனுப்பப் பார்த்தார். அமெரிக்காவில் எலிஷா கிரேயும் அதையே செய்துகொண்டிருக்க, யார் முந்தினார் என்று தகராறு வந்தது.

இப்படிப்பட்ட மனிதர் 1878-ல் தலைநகரை விட்டுவிட்டு ஆஸ்கோவ் என்ற கிராமத்துக்கு வாத்தியாராகப் போனார்! அங்கிருந்தது விவசாயிகள் வீட்டுப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் மக்கள் உயர்பள்ளி. அங்கே பரீட்சையே கிடையாது. (அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் பெருமூச்சு விட வேண்டாம்!)

அப்போது மின்சாரம் நகரத்துச் சமாச்சாரம். நிலக்கரி வாங்கி நீராவி இயந்திரம் ஓட்டக் கிராமத்துக்கு வசதி ஏது? இப்படியே போனால் பையன்களெல்லாம் பட்டணத்துக்கு ஓடிவிடுவார்கள் என்று லா கூர் கவலைப்பட்டார். டென்மார்க்கில் நிலக்கரி இல்லை. ஆனால் காற்று இருக்கிறது, அதுவும் காசில்லாமல்.

1891-ல் அரசு கொடுத்த பணத்தில் பள்ளியிலேயே காற்றாலை எழுப்பி டைனமோவை மாட்டினார். சிக்கல் அங்கேதான். காற்று ஒரு நிமிஷம் அடிக்கும், மறு நிமிஷம் படுத்துவிடும். டைனமோவுக்கோ சீரான வேகம் வேண்டும். பெல்ட், புல்லி, எடை இவற்றை வைத்தே ஒரு சீராக்கியை உருவாக்கினார். நம்ம மெக்கானிக்கல் மாணவர்கள் பார்த்தால், அட, இவ்வளவுதானா என்பார்கள்!

அடுத்த கேள்வி, காற்றில்லாத ராத்திரிக்கு என்ன செய்வது? மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் தொட்டிகளில் அடைத்து வைத்தார். 1895 முதல் 1902 வரை அந்தப் பள்ளிக்கு வெளிச்சம் தந்தது அந்த வாயு விளக்குதான். காற்று மிஞ்சும்போது சேர்த்து வைத்து, இல்லாதபோது செலவழிப்பது! பச்சை ஹைட்ரஜன் என்று இன்றைக்குப் பெரிதாகப் பேசுகிறார்களே, அதே சங்கதிதான். 1902-க்குப் பிறகு பேட்டரிக்கு மாறி, ஊருக்கும் மின்சாரம் கொடுத்தார்கள்.

இடையில் குழாய் வழியே காற்றை ஊதி, சின்னச் சின்ன மாதிரி இறக்கைகளைச் சோதித்தார். இறக்கை நிறைய இருந்தால்தான் சக்தி என்பது அதுவரை இருந்த நம்பிக்கை. மின்சாரம் எடுக்க, வேகமாகச் சுற்றும் சில இறக்கைகளே மேல் என்று கண்டார்.

ஆனால் எனக்கு அவரைப் பிடித்துப்போனதற்குக் காரணம் வேறு. மெஷினை நிறுத்தினால் போதுமா? ஃபியூஸ் போனால், பெல்ட் அறுந்தால் யார் பார்ப்பது? ஒவ்வொரு தடவையும் பட்டணத்திலிருந்தா ஆள் வரும்? 1903-ல் காற்று மின்சாரத்துக்கென்று சங்கம் அமைத்தார். 1904-ல் கிராமத்து இளைஞர்களுக்கு எலெக்ட்ரீஷியன் பயிற்சி தொடங்கினார். பெரிய டிகிரிக்காரர்களைத் தேடாமல், சொந்த ஊரில் ஏணி ஏறி வேலை பார்க்கப்போகும் பையன்களைத்தான் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தார். டிப்ளமோ படிக்கிற நமக்கு இது கொஞ்சம் நெஞ்சைத் தொடுகிற விஷயம் இல்லையா?

1908-ல் லா கூர் காலமானார். முதல் உலகப் போரில் எரிபொருள் பஞ்சம் வந்தபோது அவர் போட்ட விதை கைகொடுத்தது. 1918-ல் சுமார் 120 ஊர் மின்நிலையங்களில் காற்றாலை சுற்றியது.

1904-ல் அவரிடம் படித்தவர்களில் 17 வயது யோஹன்னஸ் யூல் ஒருவர். படித்து எலெக்ட்ரீஷியன் ஆனார். வருஷங்கள் போயின. 70 வயதை நெருங்கும்போது கெட்ஸர் என்ற ஊரில் 200 கிலோவாட் காற்றாலை கட்டி, 1957-ல் ஓடவிட்டார். மூன்று இறக்கை, நம்ம லேபில் பார்க்கிற இன்டக்‌ஷன் மெஷின்தான் ஜெனரேட்டர், புயல் வந்தால் இறக்கை நுனி தானே திரும்பி பிரேக் போடும். பெரிய பழுதுபார்ப்பு இல்லாமல் சுமார் பத்து வருஷம் ஓடியது. பின்னாளில் வந்த டென்மார்க் காற்றாலைகளுக்கு அதுதான் முன்மாதிரி.