இரு களங்கள் கண்ட வால்டர் டல்

இங்கிலாந்து நாட்டுக் கால்பந்து வரலாற்றை எழுதப் புகுவோர் அணிகள் வென்ற கோப்பைகளையும் ஆட்டக்காரர் போட்ட கோல்களையுமே முதலில் கணக்கிடுவர். அக்கணக்கின்படி வால்டர் டல் என்பாருக்கு அவ்வரலாற்றில் கிடைக்கும் இடம் சிறியதே. ஆனால் ஒருவரைப் பிறப்பால் அளப்பதா, செயலால் அளப்பதா என்னும் வினாவோடு அணுகினால், அவருடைய வாழ்க்கை நாம் ஊன்றிக் கற்க வேண்டிய பாடமாக விளங்குகிறது.

வால்டர் 1888ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள், கென்ட் பகுதியின் கடற்கரை நகரான ஃபோக்ஸ்டனில் பிறந்தார். தந்தையார் டேனியல், பார்படோஸ் தீவிலிருந்து வந்து குடியேறிய தச்சர். அடிமைத்தளையில் உழன்றோரின் வழித்தோன்றல். தாயார் ஆலிஸ், கென்ட் மண்ணிலேயே பிறந்த வெள்ளையர் குலப் பெண்மணி. 1895இல் தாயையும் 1897இல் தந்தையையும் இழந்து நின்றபோது வால்டரின் வயது ஒன்பது. தந்தையார் மறுமணம் புரிந்துகொண்ட சிற்றன்னையால் பிள்ளைகள் அனைவரையும் தனியே காக்க இயலவில்லை. எனவே வால்டரும் அவர் தமையன் எட்வர்டும் லண்டன் மாநகரின் பெத்னல் கிரீன் பகுதியில் மெதடிஸ்ட் திருச்சபையார் நடத்திய அனாதை இல்லத்தில் சேர்க்கப்பட்டனர். சில ஆண்டுகளில் எட்வர்டைக் கிளாஸ்கோ நகரக் குடும்பம் ஒன்று மகனாக ஏற்றுக்கொண்டது. பின்னாளில் அவர் பல்மருத்துவரானார். தமையனையும் பிரிந்த வால்டர் இல்லத்திலேயே வளர்ந்து, அச்சுத் தொழில் பயின்றார்.

அவருக்குக் கைகொடுத்தது கால்பந்து. 1908இல் கிளாப்டன் என்னும் அமெச்சூர் அணியில் இடம் பெற்றார். அவர் ஆடிய அந்தப் பருவத்தில் அவ்வணி மூன்று கோப்பைகளை வென்றது. மறு ஆண்டே டோட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் கழகம் அவரை அழைத்துக்கொண்டது. அனாதை இல்லத்துச் சிறுவன் இங்கிலாந்தின் முதல் பிரிவுப் போட்டிகளில் ஊதியம் பெற்று ஆடும் நிலைக்கு உயர்ந்தார். அவருக்கு முன்னரே ஆர்தர் வார்ட்டன் போன்ற கறுப்பினத்தார் தொழில்முறையில் ஆடியதுண்டு. எனினும் அவர்கள் தொகை விரல்விட்டு எண்ணத்தக்கதே.

1909 அக்டோபரில் பிரிஸ்டல் நகரில் ஓர் ஆட்டம் நடைபெற்றது. பார்வையாளருள் ஒரு சாரார் வால்டரின் நிறத்தைச் சுட்டி, கேட்கத் தகாத சொற்களைக் கூவினர். அவர் நிதானம் இழக்கவில்லை; ஆட்டத்தில் மட்டுமே கருத்தைச் செலுத்தினார். அன்றைய ஆட்டத்தைக் கண்டெழுதிய செய்தியாளர் ஒருவர், முன்வரிசை ஆட்டக்காரருள் சிறந்தவர் வால்டரே என்று போற்றி, இழித்துரைத்த கூட்டத்தைக் கடுமையாகச் சாடினார். ஆயினும் அதன்பின் வெகுவிரைவில் முதன்மை அணியில் வால்டருக்கு இடம் இல்லாமற் போயிற்று. டோட்டன்ஹாம் அணிக்காக அவர் ஆடிய முதல் பிரிவு ஆட்டங்கள் பத்து மட்டுமே.

1911இல் நார்தாம்ப்டன் கழகம் அவரை ஏற்றது. பின்னாளில் ஆர்சனல் அணியின் மேலாளராகப் பெரும்புகழ் எய்திய ஹெர்பர்ட் சாப்மன் அப்போது அங்கே பொறுப்பிலிருந்தார். தம் திறமையை மதித்தவரிடம் வந்து சேர்ந்த வால்டர், நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டங்களில் அவ்வணிக்காகக் களமிறங்கினார்.

1914இல் முதல் உலகப் போர் மூண்டது. அவ்வாண்டு டிசம்பரில் கால்பந்து வீரர்களைக் கொண்டு மிடில்செக்ஸ் படைப்பிரிவின் 17ஆம் பட்டாளம் அமைக்கப்பெற்றது. அம்மாதமே வால்டர் அதில் சேர்ந்தார், சார்ஜண்டாக உயர்ந்தார். 1915 நவம்பரில் பிரான்சுப் போர்முனைக்குச் சென்றார். இடைவிடாத குண்டு முழக்கத்தால் மனம் குலைந்து, 1916 மே மாதத்தில் மருத்துவத்துக்காகத் திருப்பி அனுப்பப்பட்டார். உடல்நலமும் மனநலமும் தேறியதும் மீண்டும் பிரான்சு சென்று, சோம் பெரும்போரின் இறுதிக் கட்டத்தில் பங்கேற்றார். அச்சத்தை அறியாதவர் வீரர் என்பர். போர் மனத்தைச் சிதைப்பதைத் தாமே அறிந்திருந்தும் மீண்டும் அங்கே சென்றவரை என்னவென்று அழைப்பது?

படைத்துறை விதிகள் அக்காலத்தில், கலப்பற்ற ஐரோப்பிய மரபினருக்கே அதிகாரிப் பதவி உரியது என வரையறுத்திருந்தன. வால்டருடன் பணியாற்றிய மேலதிகாரிகளோ அவரை அதிகாரிப் பயிற்சிக்குப் பரிந்துரைத்தனர். ஸ்காட்லாந்தில் பயிற்சி முடித்த அவர், 1917 மே 30ஆம் நாள் இரண்டாம் லெப்டினண்டாக நியமனம் பெற்றார். ஏட்டில் விதி அப்படியே இருந்தது. நடைமுறையில் தகுதி அதனைத் தாண்டிவிட்டது. அவ்விதி தடுத்திருக்க வேண்டிய அந்த மனிதர், இத்தாலியின் பியாவே ஆற்றங்கரையில் 26 வீரர்களை நடத்திக்கொண்டு இரவில் ஆற்றைக் கடந்து பகைவர் எல்லைக்குள் புகுந்தார். அவரை நம்பிச் சென்ற அனைவரும் உயிருடன் திரும்பினர். படைத்தளபதி சிட்னி லாஃபோர்ட் அவருடைய துணிவையும் பதற்றமின்மையையும் பாராட்டினார்.

1918 மார்ச்சில் ஜெர்மானியர் பிரான்சில் பெருந்தாக்குதல் தொடங்கினர். வால்டரின் பட்டாளம் மீண்டும் அங்கே அனுப்பப்பட்டது. மார்ச் 25ஆம் நாள் ஃபாவ்ரே சிற்றூரின் அருகே அவர் குண்டடிபட்டு வீழ்ந்தார். லெஸ்டர் ஃபாஸ் அணியின் கோல்காப்பாளராக இருந்த டாம் பில்லிங்ஹாம் என்னும் படைவீரர், இயந்திரத் துப்பாக்கிகள் சீறிக்கொண்டிருந்த வேளையிலும் அவருடலை மீட்க முயன்றார். முயற்சி பலிக்கவில்லை. முப்பது வயது நிறைவதற்கு ஒரு மாதமே இருந்தது. கல்லறை என்று சுட்ட ஓரிடம் இல்லை. பிரான்சின் அராஸ் நினைவகத்தில் பொறிக்கப்பட்ட ஏறத்தாழ 35,000 பெயர்களுள் அவர் பெயரும் ஒன்று.

மிலிட்டரி கிராஸ் பதக்கத்துக்கு அவர் பரிந்துரைக்கப்பட்டதாகக் குடும்பத்தாருக்கு வந்த மடல் கூறியது. பதக்கம் வரவில்லை. எண்பது ஆண்டுகளுக்குப் பின்னர், 1999இல், நார்தாம்ப்டன் விளையாட்டரங்கின் அருகே அவருக்கு நினைவுச்சின்னம் திறக்கப்பெற்றது.

வால்டரின் வாழ்வில் கூச்சலிட்ட கூட்டமும் இருந்தது. தடுத்த விதியும் இருந்தது. எழுதுகோலால் துணைநின்ற செய்தியாளரும், அணியில் சேர்த்த சாப்மனும், பரிந்துரைத்த அதிகாரிகளும், உடலைச் சுமக்கத் துணிந்த தோழரும் இருந்தனர். கல்லூரித் திடலில் அணியைத் தெரிவு செய்யும்போதும், வகுப்பில் ஒருவரை எள்ளி நகையாடும் குரல் எழும்போதும், இவ்விரு சாராருள் நாம் எவர் பக்கம் நிற்கிறோம் என்பதை ஆசிரியர்களாகிய நாமும் மாணவச் செல்வங்களும் எண்ணிப் பார்ப்போமாக.